வோகிங் எங்கிருந்து வந்துச்சு?

வணக்கம் நேயர்களே. 1990-ல வந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்' ஆவணப்படத்தைப் பத்திதான் இன்னிக்கு பேசப் போறேன். பேர்ல பாரிஸ் இருந்தாலும் கதை நடக்கிறது நியூயார்க்ல. ஹார்லம் பகுதியில கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் ராத்திரி ஹால் பிடிச்சு 'பால்'னு (ball) ஆட்டம், அலங்காரப் போட்டி நடத்துவாங்க, அந்த உலகத்துல வளர்ந்த டான்ஸ்தான் வோகிங், அதை ஜென்னி லிவிங்ஸ்டன் 1980-கள்ல கூடவே இருந்து ஷூட் பண்ணினார்.

வோக்ங்கிற ஃபேஷன் பத்திரிகையில மாடல்கள் கொடுக்கிற போஸ் இருக்கில்ல, அதை பீட்டுக்கு டக்கு டக்குனு மாத்திக்கிட்டே ஆடணும். பார்க்க ஸ்டைலா இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள அது சண்டைங்க! பகை இருந்தா மேல கை வைக்காம ஆடியே தீர்த்துக்குவாங்க. வோகிங் ஆடுறதுல பேர் போன வில்லி நிஞ்சா, இந்தப் படத்துல ஒண்ணு சொல்லுவார் பாருங்க, கையையே பவுடர் டப்பாவா ஆக்கி, நிதானமா மேக்கப் போட்டுட்டு, அந்தக் கண்ணாடியை அப்படியே எதிராளி பக்கம் திருப்பிடுவாராம், உன் மூஞ்சிய நீயே பாருன்னு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடம் சலிக்கல.

வீட்ல சேர்த்துக்காத பிள்ளைங்க நிறைய பேருக்கு அங்க 'ஹவுஸ்'ங்கிற குழுதான் குடும்பம், அதுக்கு ஒரு அம்மா, நம்ம ஊர் திருநங்கைகள் ஜமாத்துல மகளா ஏத்துக்கிற மாதிரியேதான். எக்ஸ்ட்ராவகன்ஸாங்கிற ஹவுஸைச் சேர்ந்த வீனஸ்ங்கிற பொண்ணு, கல்யாணம் பண்ணி நல்லபடியா வாழணும்னு கேமரா முன்னாடி ஆசை ஆசையா பேசுறா. படம் முடியிறதுக்குள்ள, 1988-ல, அவளைக் கொன்னுட்டாங்க. அதை அவளோட ஹவுஸ் அம்மா ஏஞ்சி சொல்ற இடத்தை என்னால சாதாரணமா கடந்து போக முடியல.

படம் வந்த அதே 1990-ல அமெரிக்கப் பாடகி மடோனாவோட 'வோக்' பாட்டு வந்து உலகமே ஆடுச்சு. அதுக்கு டான்ஸ் அமைச்ச ஹோசே, லூயிஸ் ரெண்டு பேரும் அந்த எக்ஸ்ட்ராவகன்ஸா ஹவுஸ் பசங்கதான், ஆனா ஜனங்க மனசுல நின்னது மடோனா பேருதான். இந்தப் படமும் நல்லா ஓடி காசு பார்த்துச்சு, அதுல வந்தவங்க எங்க பங்கு எங்கன்னு கேட்டாங்க, கடைசியில 13 பேருக்கு சேர்த்து சுமார் 55,000 டாலர்தான் கொடுத்தாங்க. அவங்க கேட்டது நியாயம்னுதான் நான் சொல்வேன், அவங்க வாழ்க்கைதானே அந்தப் படம்!

அதேசமயம் இந்தப் படம் மட்டும் இல்லேன்னா, வோகிங் எந்தத் தெருவுல யார் உசுரைக் கொடுத்து வளர்த்ததுன்னு நம்மள்ல பல பேருக்குத் தெரிஞ்சே இருக்காது. வோகிங்கை நிஜமான பாரிஸுக்கே கொண்டு போகணும்னு அதுல சொன்ன வில்லி நிஞ்சா, பின்னால பெரிய பெரிய ஃபேஷன் ஷோல நடந்தார், மாடல்களுக்கே நடை கத்துக் கொடுத்தார்.