காலானுக்கு முந்திய துபாசி

ஒரு நேயர் கேட்கிறார்: “துருக்கி நீதிக்கதைகளை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர், ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் தந்த காலான்தானே?”

இல்லை. காலான் 1715இல் இறந்துவிட்டார். துருக்கி எழுத்தாளர் அலி செலபியின் கதைகளை அவர் பெயர்த்தது அச்சேறியது 1724இல். அதற்கு 70 வருஷம் முந்தியே, 1654இல், அதே நூல் மாட்ரிடில் ஸ்பானிய மொழியில் வந்துவிட்டது. பெயர்த்தவர் விசேந்தே பிராத்தூத்தி. மூலநூல் அலி செலபியின் ‘ஹுமாயூன் நாமா’, துருக்கி சுல்தான் சுலைமானுக்குப் படைத்தது. உள்ளே யார்? நம்ம பஞ்சதந்திரத்து நரிகள்தான்! சமஸ்கிருதம், பஹ்லவி, அரபு, பாரசீகம் என்று ஊர் ஊராக நடந்து துருக்கிக்கு வந்தவை. இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: பெயர்த்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? பிராத்தூத்தி ஸ்பெயின் அரசரின் துருக்கி மொழிபெயர்ப்பாளர். சொந்த ஊர் ரகூசா, இன்றைய துப்ரோவ்னிக். சுல்தானுக்குக் கப்பம் கட்டிய ஊர். காலான் தூதரோடு இஸ்தான்புல் போனவர். அவர் பாதியில் விட்ட மொழிபெயர்ப்பை 1778இல் முடித்த கார்தோன், அரசாங்க மொழிபெயர்ப்பாளர். எல்லாரும் துபாசிகள், இரு மொழிக்கு நடுவில் நின்றவர்கள்! 1669இல் பிரெஞ்சு மந்திரி கோல்பேர், சிறுவர்களைத் துருக்கி மொழி படிக்கத் துருக்கிக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். வியாபாரத்துக்கும் ராஜதந்திரத்துக்கும் படித்த மொழி. கதை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

பெத்தி த லா குருவாவும் அந்த வகைதான். 1707இல் ‘நாற்பது வசீர்கள்’ (வசீர் என்றால் மந்திரி) என்ற துருக்கிக் கதைகளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சில் தந்தார். அடுத்த வருஷமே ஆங்கிலம். 1711இல் லண்டனில் ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசன் தன் பத்திரிகையில் அதிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொன்னார். எகிப்து சுல்தான் ஒருவர், நபியின் விண்பயணம் நொடியில் நடந்ததை நம்பவில்லை. பெரியவர் ஒருவர், “தொட்டியில் தலையை முக்கி எடுங்கள்” என்றார். முக்கினார். கடற்கரையில் கிடந்தார். கல்யாணம் ஆயிற்று, ஏழு பையன், ஏழு பெண். பணம் போய் மூட்டை தூக்கினார். ஒருநாள் கடலில் முங்கி எழுந்தால், அதே தொட்டி, சுற்றி அதே ஆட்கள். பெரியவர்மேல் ஒரே கோபம்.

போன காணொளியில் இதைச் சொன்னதும், “நாரதர் குளத்தில் முங்கி அறுபது பிள்ளை பெற்ற கதை மாதிரியே இருக்கிறதே” என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! எனக்கும் அதே குடைச்சல்தான். நாரதருக்கு 60, சுல்தானுக்கு 14. துருக்கியர் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறார்கள்.