ஆணி ஏன் துருப்பிடித்தது?

(மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, வேலை முடிந்து உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் நேராக வந்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே, வணக்கம்.

மேடையில் பேசிப் பழகாத ஆள் நான். செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரப் பகுதியில் வேலை. சனிக்கிழமை காலையில் இந்தப் பள்ளியின் பின்பக்கம் பிள்ளைகளோடு வயர், ஆணி, பீப்பாய் என்று எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவன். அழைப்பிதழில் 'நிலைத்தன்மையும் தொழில்நுட்பக் கல்வியும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "யாரு பேசப்போறா?" என்று கேட்டார். அதனால் தலைப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

பெஸ்தாரி ஜெயா என்று இப்போது சொல்கிறோம். எனக்கு இன்னும் வாயில் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். நமக்குப் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார்கள். செம்பனை தொடங்கிய தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். பெயர் வைத்தபோது நம்மவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

என் அம்மா 70-களில் செம்பனைத் தோட்டத்தில் பார்த்த வேலை என்ன தெரியுமா? பூவுக்குப் பவுடர் போடுவது. சிரிக்காதீர்கள், உண்மை. செம்பனையில் ஆண் பூக்குலை தனி, பெண் பூக்குலை தனி. ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைப் போன்ற டால்க்கோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊதிவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. காலையில் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து தோட்டத்துக்குள் போனால் மத்தியானம் வரை இதே வேலை. வீட்டுக்கு வரும்போது அம்மாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசியில் வருமே, அந்த மாதிரி மூக்கு நீண்ட சின்ன வண்டு. செம்பனைப் பூவுக்கு ஒரு சோம்பு வாசம் உண்டு. ஆண் பூவில்தான் அந்த வண்டு தின்னும், முட்டையிடும். பெண் பூவும் அதே வாசத்தை விடும். வண்டு ஏமாந்து அங்கேயும் போகும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு. அவ்வளவுதான், ஊதுகிற வேலை தோட்டத்தில் இல்லாமல் போனது. "ஒரு பூச்சி வந்து எங்க வேலையை எடுத்துக்கிச்சு" என்று அம்மா சாகும்வரை சொன்னார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நம்மைச் சுற்றி இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது. பள்ளியில் ஒருவரும் எங்களை அழைத்துப்போய் ஒரு ஆண் பூவைப் பிய்த்து, "இந்த வண்டைப் பார்" என்று காட்டவில்லை. அறிவியல் பாடத்தில் செம்பருத்திப் பூ படம் வரைந்து பாகம் குறித்தோம். எனக்கு முழு மதிப்பெண். வண்டு விவகாரம் எனக்கு முழுதாகப் புரிந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நான் இங்கே சனிக்கிழமை வருவதற்கு அந்த ஆத்திரமும் ஒரு காரணம்.

சரி, பின்பக்கத் தோட்டத்துக்கு வருவோம்.

போன வருஷம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கீரைப் பாத்தி போட்டார்கள். பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை. அப்போதுதான் மைக்ரோபிட்டை எடுத்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சர்க்கியூட் பலகை. முகத்தில் வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து சின்னச் சிவப்பு விளக்குகள். வெளிச்சம், வெப்பம், அசைவு எல்லாம் அதற்குத் தெரியும். கணினித் திரையில் கட்டங்களை இழுத்துப் பொருத்தி அதற்குக் கட்டளை எழுதலாம். 2016-இல் இங்கிலாந்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம் இருக்கிறது, ஆகவே இது வானத்திலிருந்து விழுந்த சாமான் இல்லை.

மண்ணில் இரண்டு ஆணி அடித்தோம். ஒன்றுக்கு மூன்று வோல்ட். மற்றொன்றிலிருந்து கருவிக்கு ஒரு வயர், ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் சுலபமாகக் கடக்கும், கருவி காட்டும் எண் கூடும். காய்ந்தால் எண் குறையும். எண் குறைந்தால் விளக்கில் சோக முகம் வர வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சோக முகம் வரைவதில்தான் ஒரு மணி நேரம் போனது. போகட்டும் என்று விட்டேன்.

பழைய கைபேசி சார்ஜரில் மாட்டிவிட்டு விடுமுறைக்குப் போனோம். காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணனிடம், சோக முகம் வந்தால் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லியிருந்தோம். பாவம் அவர், ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். முகம் மாறவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பாத்தி வயல் மாதிரி நிற்கிறது, கீரை அழுகிவிட்டது, மைக்ரோபிட் இன்னும் சோகமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், காரணம் எனக்குத் தெரியும். மின்சாரக்காரனுக்கு அது தெரியாமல் இருக்காது. வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. ஒரு பையன் கருவி கெட்டுவிட்டது என்றான். ஒருத்தி சார்ஜரைச் சந்தேகப்பட்டாள். மூன்றாவது வாரம், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை இரண்டு ஆணியையும் பிடுங்கிக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அங்கிள், ரெண்டும் ஒரே பொட்டலத்துல வாங்குன ஆணி. ஒன்னு மட்டும் ஏன் இப்படித் துருப்பிடிச்சிருக்கு?"

பிளஸ்ஸில், அதாவது மூன்று வோல்ட் கொடுத்த பக்கத்தில், இருந்த ஆணி அது. ஈர மண்ணில் இரவு பகல் ஒரே பக்கமாக மின்சாரம் ஓடினால் அந்த ஆணியின் இரும்பு கரைந்து போகும். துரு மூடியபின் மின்சாரம் சரியாகக் கடக்காது. மண் ஈரமாக இருந்தாலும் கருவி காய்ந்துவிட்டது என்றே சொல்லும். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அப்ப எந்நேரமும் கரண்டு எதுக்கு? பார்க்கிறப்ப மட்டும் குடுத்தா போதாதா?" என்றான் இன்னொருவன். அதுதான் விடை. இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரம் மட்டும் மின்சாரம் போகிறது. அளந்ததும் நிறுத்திவிடும். எங்கள் ஆலையில் நிலத்துக்கடியில் போகும் இரும்புக் குழாயை இதே அரிப்பிலிருந்து காப்பாற்ற என்னவெல்லாம் செய்கிறோம் என்று அன்றைக்குச் சொன்னேன். ஒருவர்கூட மணியைப் பார்க்கவில்லை.

அந்தக் கீரை அழுகாமல் இருந்திருந்தால் எங்களுக்கு இந்தப் பாடமே கிடைத்திருக்காது. விலை, ஒரு கட்டுக் கீரை.

மழைநீர்க் கதை அவ்வளவு நீளம் இல்லை. 2020 செப்டம்பர் நினைவிருக்கும். மேலே ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடு, கடைகளுக்குக் குழாய் நின்றது. அந்த ஆறுதான் நம் ஊர் வழியாக ஓடுகிறது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால் மழைத் தண்ணீரைப் பிடிப்போம் என்று பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். சிற்றுண்டிச்சாலைக் கூரையில் ஒரு பக்கம் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். ஒரு நீலப் பீப்பாய் நிறைய ஒரு வாரம் ஆகும் என்று முக்கால்வாசிப் பேர் கைதூக்கினார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். கணக்குப் புத்தகத்தில் இருப்பதுதான். பத்து மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையில் 600 லிட்டர். நம் ஊர்ச் சாயங்கால மழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று பீப்பாய் ஒரே மழையில் நிரம்பி வழிந்து, சிற்றுண்டிச்சாலை அக்காவின் செருப்பு மிதந்து போனது. அப்புறம் பத்தாம் நாள் பீப்பாயில் கொசுப் புழு. வலை கட்டாமல் விட்டது என் தப்பு. சுகாதார அதிகாரி வருவதற்கு முன்னால் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், தப்பித்தேன்.

மின்சாரக் கணக்கும் ஒன்று செய்தார்கள். ஆசிரியர் அறையில் இருக்கும் 2000 வாட் கேத்தலை ஆறு நிமிஷம் போட்டால் ஆகும் மின்சாரத்தில், 9 வாட் எல்இடி விளக்கு 22 மணி நேரம் எரியும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கேத்தலுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். தலைமையாசிரியர் அதைக் கிழிக்கவில்லை என்பதை இந்த மேடையில் பாராட்டியே ஆக வேண்டும்.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும்.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளுக்கு வெளிநாடுகளுக்கெல்லாம் போய்ப் பதக்கம் வாங்கி வருகிறார்கள். பேப்பரில் படம் வந்தால் வெட்டி வைத்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் சில வருஷத்துக்கு முன் ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். பத்து வயதுப் பெண் பிள்ளை, ஒரு தானியங்கிக் குப்பைத்தொட்டி. ஆங்கிலத்தில் மடமடவென்று ஒப்பித்தாள், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. "உள்ளே எப்படி இருக்குன்னு திறந்து காட்டும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "திறந்தா மூடத் தெரியாது அங்கிள்" என்றாள்.

அவளுக்குத் தங்கம் கிடைத்தது. நானும்தான் மதிப்பெண் போட்டேன். மற்ற நடுவர்கள் போட்ட எண்ணைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன வம்பு என்று போட்டேன். அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பெட்டியைச் செய்தது ஒரு பெரியவர். அவர் நல்ல மனசோடுதான் செய்திருப்பார். பள்ளிக்குப் பெயர் வேண்டும், பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும், நாள் குறைவு. ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். எத்தனை ஏ என்று கேட்ட வாய் இப்போது எத்தனை பதக்கம் என்று கேட்கிறது. ஆகவே நம் பள்ளி இந்த வருஷம் போட்டிக்குப் போவதானால், பிள்ளைகள் தாங்களே திறந்து, தாங்களே மூடக்கூடிய பொருளோடு போகட்டும். அசிங்கமாக இருக்கும். வயர் தொங்கும், டேப் பிய்ந்திருக்கும். பரிசு வராமலும் போகலாம். சங்கத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"இதுக்கெல்லாம் காசு?" என்று ஒரு அப்பா போன மாதம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மைக்ரோபிட்டின் விலை, ஒரு குடும்பம் பேரங்காடிக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டு வருகிற காசு. நான்கு பிள்ளைக்கு ஒன்று என்றால் போதும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஆணி, பீப்பாய், மழை எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்ததில்லை. நான்கு பெற்றோர் காடி, அதாவது கார், கொடுத்தார்கள், போனோம். துடுப்புப் படகு, இருட்டு, பெரெம்பாங் மரம் முழுக்கச் சிமிட்டல். அதன் புழு ஆற்றங்கரை ஈர மண்ணில் குட்டி நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையைச் சுரண்டினால் நத்தை போகும், பின்னாலேயே மின்மினியும் போகும். இதைப் படகுக்காரரே சொன்னார், நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் மைக்ரோபிட்டை நீட்டி வெளிச்சம் அளந்தார்கள். பூஜ்யம். மறுபடி அளந்தார்கள். பூஜ்யம். கண்ணுக்கு முன்னால் ஒரு மரமே மின்னுகிறது, கருவி ஒன்றுமே இல்லை என்கிறது. "இதுக்குக் கண்ணு பத்தல அங்கிள்" என்றான் ஒருவன். பிறகு கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கிளையை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அந்த எண்கள் நோட்டில் இருக்கின்றன. அடுத்த வருஷம் அதே மாதம், அதே மரத்துக்குப் போய் மறுபடி எண்ண வேண்டும் என்கிறார்கள். காடி தேவைப்படும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்பக்கத் தோட்டத்தில் இருப்போம். வீட்டில் பழைய சார்ஜர், ஓடாத மின்விசிறி, உடைந்த ரேடியோ கிடந்தால் கொடுத்துவிடுங்கள். வெட்டிய பிளக்கை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், போன தடவை ஒரு பிள்ளை அதை சுவரில் சொருகப் போய்விட்டாள். பீப்பாய்க்கு வலை கட்ட இரண்டு பேர் வேண்டும். ஏணி நான் கொண்டுவருகிறேன்.

வணக்கம்.