அம்மாவின் நடைக்கு ஏற்ற காடு

நேயர்களுக்கு வணக்கம். ரப்பர்ப் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த பகாவ் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி விடுமுறை வருகிறது, நம் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா போய்வருவது பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். அந்தக் காட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை தவறாகப் போனேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது இரண்டு நாள், ஓர் இரவுப் பயணம். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. மதியம் பூங்காவின் வாசலான கோலா தஹான் போய்ச் சேர்ந்த உடனே மரங்களுக்கு நடுவே கட்டிய தொங்கு பாலம், மாலையில் ஆற்றுச் சுழிப்பில் படகு, இரவு காட்டு நடை, மறுநாள் காலை குகை, மதியம் திரும்பல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மாவைக் கேட்டேன், எப்படி இருந்தது என்று. “நீங்கல்லாம் ஓடினீங்க, நான் பைகளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்யா” என்றார். அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவே இல்லை. நாற்பது வருஷம் பால் வெட்டிய கால்கள் அவை. அந்தக் கால்களைக் கேட்காமல் திட்டம் போட்டது நான்தான்.

அதனால் பயணம் போட உட்காரும்போது, எந்த இடம் பார்க்கலாம் என்று தொடங்காதீர்கள். உங்கள் கூட்டத்திலேயே மெல்ல நடப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். அவரால் ஒரு நாளைக்கு எவ்வளவு முடியுமோ, அதுதான் எல்லாருக்கும் அன்றைய கணக்கு. இரண்டாவது தடவை மூன்று இரவு தங்கினோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை.

அந்தக் காடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் இதற்கு மனம் எளிதாக ஒப்பும். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்காவாக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா ஆனது. தீபகற்பத்திலேயே உயரமான 2,187 மீட்டர் தஹான் மலை அதற்குள்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நடந்தாலும் தீராத காட்டை இரண்டு நாளில் பார்த்து முடிக்க நினைப்பது யாராலும் ஆகாது. ஒரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை; ஆறு பெருகும், பாதை சேறாகும். ஆண்டிறுதி விடுமுறை என்று ஆசைப்பட்டு அப்போது வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். மார்ச்சுக்குப் பிறகு செப்டம்பர் வரை நல்லது.

நம் ஊரிலிருந்து மெந்தகாப், ஜெராண்டுட் என்று போகும் ரயில் தடம் உண்டு. ரயிலோ வேனோ, ஜெராண்டுட்டில் இறங்கிச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கிருந்து தரைவழியே கோலா தஹான் போகலாம். கோலா தெம்பிலிங் துறையிலிருந்து நீளப் படகில் ஏறி இரண்டரை, மூன்று மணி நேரம் ஆற்றை எதிர்த்துப் போவது இன்னொரு வழி. படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடினால் படகையே பிடியுங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். கரையில் நெராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும். அம்மா வழி நெடுக அந்த மரப்பட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். “இதுக்குக் கத்தி இறங்காது” என்று ஒரு மரத்தைக் காட்டிச் சொன்னார். பால்மரம் பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி, இவைதாம் இந்த மண்ணின் மரங்கள் என்று நான் சொன்னபோது, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அட்டைக்குப் பயப்படும் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது அதிகம். பாட்டிமார்களிடம் கேளுங்கள், சிரிப்பார்கள். நீண்ட காலுறைக்குள் கால்சட்டையைச் சொருகிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையவிடாத ஒரு பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சற்று நேரம் ஒழுகும். துடைத்துவிட்டு அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நல்ல டார்ச், மழைச்சட்டை, மாற்றுச் செருப்பு, மருந்து, இவை மட்டும் ஒரு பையில். சைவம் சாப்பிடுபவர்கள் புளிச்சோறும் ஊறுகாயும் கையோடு கொண்டுபோவது நல்லது. மிதவை உணவுக்கடைகளில் எல்லா வேளையும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதேக் என்னும் ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் குடியிருப்புக்குக் கூட்டிப்போவார்கள். நம் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் கேமராவோடு வந்து, கொடியில் காயும் துணியையும் மூக்கொழுகும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் போன நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதனால் அங்கே போகும்போது கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் அந்த முகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

எங்கள் மூன்று நாளில் முதல் நாள் படகுதான் வேலை. இரண்டாம் நாள் மாலை, பூங்காத் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே, விலங்குகளை மறைந்திருந்து பார்க்கக் கட்டிய பும்புன் தஹான் மறைகுடிலுக்குப் போனோம். எதிரே உப்பு மண் உள்ள திடல். தழையில் கிடைக்காத தாதுச்சத்தைத் தேடி விலங்குகள் அந்த மண்ணுக்கு வரும். “நம்ம மாட்டுக்குக் கல்லுப்பு வைக்கிற மாதிரியா?” என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தோம். வெளிச்சம் மங்கும்போது ஒரு மான் வந்து, தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, குனிந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. முதல் பயணத்தில் நாங்கள் பேசிக்கொண்டே கடந்து போன இடம் அது.

மூன்றாம் நாளுக்கு வேலையே வைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் மட்டும் வழிகாட்டியோடு தெரெசெக் குன்றுக்குப் போனார்கள். அன்று அதிகாலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன். அம்மாவின் பாய் காலி. வெளித்திண்ணையில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று வெளுத்ததும் தொலைவில் ஊங்காக் குரங்குகள் கூவத் தொடங்கின. ஒன்று கூவ, இன்னொன்று எடுத்துக் கொடுக்க, காடே நிரம்பியது.

“இந்தச் சத்தத்தை எங்க தோட்டத்து ஓரத்திலயும் அந்தக் காலத்துல கேட்டிருக்கேன்” என்றார் அம்மா. “அப்ப நின்னு கேட்க நேரம் இல்லைய்யா. பனிரெண்டு மணிக்குள்ள பால் எடுத்துக் கொட்டணும்.”

தேத்தண்ணி போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். இரு, முடியட்டும் என்று கையைக் காட்டினார்.