காலையில் மட்டும் டிடிஎஸ் ஏன் எகிறுகிறது?

வணக்கம். பெங்களூரில் போர்வெல், டேங்கர் தண்ணீரை ஆர்ஓ மிஷினில் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது) போட்டுக் குடிக்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள்: ராத்திரி முழுக்க நின்ற மிஷினை காலையில் ஓடவிட்டு, மெம்பிரேனிலிருந்து, அதாவது உப்பைத் தடுக்கும் சவ்விலிருந்து, வரும் குழாயில் மீட்டரை வைத்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எக்கச்சக்கமாகக் காட்டும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். மெம்பிரேன் போய்விட்டது என்று மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

(திரையில்: மெம்பிரேனின் குறுக்குவெட்டு)

உப்பைத் தடுப்பது மேலே இருக்கிற பாலிஅமைடு படலம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். லான்ஸ்டேல், மெர்டன், ரைலி மூவரும் 1965-ல் கொடுத்த கணித மாதிரிப்படி (மாடல்), தண்ணீரும் உப்பும் இந்தப் படலத்துக்குள் கரைந்து, தனித்தனியாக ஊடுருவி அந்தப் பக்கம் போகின்றன. தண்ணீரைத் தள்ளுவது பம்பின் அழுத்தம், அதில் சவ்வூடு அழுத்தத்தை (உப்பு இருப்பதால் தண்ணீரைத் திரும்ப இழுக்கும் அழுத்தம்) கழித்தது போக மீதி. உப்பை நகர்த்துவது இரண்டு பக்கமும் உள்ள செறிவு வித்தியாசம் மட்டும். உப்பின் சமன்பாட்டில் அழுத்தமே கிடையாது! எனக்கு இந்த மாதிரியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

(திரையில்: கணக்கு)

நிமிஷத்துக்கு 200 மில்லி தண்ணீர், 8 மில்லிகிராம் உப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 மில்லிகிராம். இப்போது பம்பு தளர்ந்து தண்ணீர் 100 மில்லி ஆகிறது, உப்பு ஏறக்குறைய அதே 8 தான், ஆனால் மீட்டரில் 80. உப்பு கூடவில்லை, அதைக் கரைக்கத் தண்ணீர்தான் குறைந்தது.

சரி, ராத்திரி? பம்பு நின்றதும் தண்ணீர் வருவது நின்றுவிடும், செறிவு வித்தியாசம் அப்படியே இருப்பதால் உப்பு மட்டும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்து தேங்கிய தண்ணீரில் சேரும். காலையில் மீட்டர் காட்டுவது அதைத்தான். மிஷினை அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் இதே கதை, டேங்கில் டிடிஎஸ் ஏறும்.

ஆனால் 1965-ன் அந்தக் கணித மாதிரி முழு உண்மை இல்லை. தண்ணீர் கரைந்து போகவில்லை, நுண்துளைகள் வழியாக ஓடுகிறது என்று 2023-ல் யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக் குழு வாதிட்டது. உப்பைத் தடுப்பதில் மின்னூட்டத்துக்கும் பங்கு உண்டு: சோடியம் குளோரைடைவிட கால்சியம் சல்பேட் நன்றாகவே தடுக்கப்படும். அப்புறம், படலத்தை ஒட்டி உப்பு குவிந்துவிடுவதால் அங்கே செறிவு உள்ளே வரும் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம், கணக்கில் அந்தச் செறிவைத்தான் போட வேண்டும்.

மெம்பிரேனுக்குக் காசு கொடுக்கும் முன் மிஷினை பத்து நிமிஷம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையா, முதலில் பம்பின் அழுத்தத்தைப் பாருங்கள்.