அஞ்சு வெள்ளி கம்மி

வணக்கம் மக்களே. சத்தமா இருக்கும், பொறுத்துக்கோங்க. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில நிக்கிறேன். தையல்கார அண்ணன் 'பத்து நிமிஷம்மா'ன்னு சொல்லி முக்கால் மணி நேரமாச்சு. சும்மா நிக்கிறதுக்கு உங்ககிட்ட பேசலாமேன்னு கேமராவை எடுத்துட்டேன்.

ஏன் குர்த்தி விக்கிறதை விட்டேன்னு நிறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க. அதைச் சொல்லணும்னா சார்ல்ஸ் அண்ட் கீத்ங்கிற செருப்புக் கம்பெனி கதையிலிருந்து ஆரம்பிக்கணும். பேரைக் கேட்டா வெள்ளைக்காரன் கம்பெனி மாதிரி இருக்குல்ல? உயர்நிலைப் பள்ளி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன். நம்ம ஊருதான்! சார்ல்ஸ் வோங், கீத் வோங்னு அண்ணன் தம்பி. அப்பா அம்மா ஆங் மோ கியோல செருப்புக் கடை வச்சிருந்தாங்க, பசங்க அங்கேயே நின்னு தொழில் பழகினாங்க. 1996-ல அமாரா ஹோட்டல் ஷாப்பிங் சென்டர்ல சொந்தக் கடை.

2011-ல எல்விஎம்எச்ங்கிற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் கம்பெனியோட தொடர்புள்ள முதலீட்டு நிறுவனம் 20 சதவீதப் பங்கு வாங்குச்சு. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கு ரொம்ப முன்னாடி நடந்தது. ஆரம்பத்துல மொத்த வியாபாரிகிட்ட வாங்கித்தான் வித்தாங்க. அதே செருப்பு அடுத்த கடையிலயும் தொங்கும். அப்புறம் என்ன, விலையைக் குறைச்சுட்டே போக வேண்டியதுதான். அதனாலதான் சொந்த டிசைன்ல இறங்கினாங்க.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. தீபாவளிக்கு கேம்பல் லேன்ல கடை போட்டேன், ஞாபகம் இருக்கா? சென்னை சௌகார்பேட்டையில மொத்தமா எடுத்த குர்த்தி. ஒரு அக்கா போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னாடி ரெண்டு சுத்து சுத்திட்டு, "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா அந்தக் கடையில இதே பீஸ் அஞ்சு வெள்ளி கம்மி"ன்னுட்டுப் போயிட்டாங்க. கோவத்துல நானும் போய்ப் பார்த்தேன். அதே கலர், அதே பட்டன். அக்கா மேல என்ன தப்பு? மிச்சமான நாற்பது பீஸை இப்பவும் எங்க சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல நீங்க பார்க்கலாம்.

இப்ப பாத்திக் துணியில ரவிக்கை. கழுத்து வெட்டு நானே காகிதத்துல வரைஞ்சது. மொத்தம் பன்னிரண்டுதான். அதுக்கே அண்ணன் மூணு தடவை பிரிச்சுத் தச்சுட்டாரு, என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுறாரு.

இருங்க, கூப்பிடுறாரு... அண்ணே, வந்துட்டேன்! ஐயோ, கை ஏன்ணே இவ்வளவு இறக்கம்?