வீட்டுக்கு இணையமும் தொலைக்காட்சியும் வாங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கடைத்தொகுதிக்குள் நுழைந்ததும் மேசை போட்டு நிற்கும் விற்பனையாளர்களைப் பார்த்திருப்பீர்கள். "அங்கிள், வீட்டில் எந்த இணையம்?" என்று பணிவாகத்தான் தொடங்குவார்கள். இணையம், தொலைக்காட்சி, கைத்தொலைபேசி மூன்றும் சேர்த்து மாதம் இத்தனை வெள்ளி. இன்றே கையெழுத்திட்டால் பற்றுச்சீட்டு உண்டு. நாளைக்கு இந்தச் சலுகை இருக்காது என்பார்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்துவிடும்.

வீடுகளில் இணைய இணைப்பைச் சீராக்கித் தருவது என் தொழில். அப்படிக் கையெழுத்திட்டவர்களின் வீடுகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இணையத்தையும் தொலைக்காட்சியையும் ஒரே மூட்டையாக வாங்காதீர்கள். முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், தனித்தனியாக முடிவெடுங்கள். அதற்குப் பிறகு கணக்குப் போட்டு, சேர்த்து வாங்குவதுதான் மலிவு என்று தெரிந்தால் தாராளமாகச் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு காலத்தில் இப்படிப் பிரித்துப் பார்க்க வழியில்லை. 1990களில் சிங்கப்பூர் கேபிள் விஷன் வீடு வீடாகக் கேபிள் இழுத்தபோது, சந்தாத் தொலைக்காட்சி வேண்டுமென்றால் அந்த ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும். 2002இல் அது தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப்புடன் இணைந்தது. 2007இல் இன்னொரு தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல், மியோ டிவி என்ற தன் சந்தாத் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2010 முதல் நாடு தழுவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 2019 செப்டம்பர் 30ஆம் தேதியோடு ஸ்டார்ஹப் தன் பழைய கேபிள் சேவையை நிறுத்திவிட்டது. இன்றும் நாம் கேபிள் டிவி என்றே சொல்கிறோம். ஆனால் படம் வருவது ஃபைபர் எனும் அந்தக் கண்ணாடியிழை வழியாக, அல்லது இணையத்தில் இயங்கும் செயலி வழியாக.

உங்கள் வாசலுக்கு அருகிலோ தொலைக்காட்சி மேசைக்குப் பின்னாலோ உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். அதுவரை வரும் இழை, கட்டமைப்பை வைத்திருக்கும் நெட்லிங்க் டிரஸ்ட் என்ற நிறுவனத்துடையது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, வியூக்வெஸ்ட் என்று எந்தப் பெயரில் பில் வந்தாலும் இழை அதுதான். "எங்கள் லைன் உங்கள் புளோக்கில் தனியாக வருகிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறுவனங்களுக்குள் வேறுபாடு இல்லாமல் இல்லை. வெளிநாட்டு இணைப்பின் தரம், தரும் ரவுட்டர் (வீட்டுக்குள் வைஃபை பரப்பும் பெட்டி), கோளாறு என்று அழைத்தால் எவ்வளவு விரைவில் ஆள் பேசுகிறார் என்பவற்றில் வேறுபாடு உண்டு. விசாரிக்க வேண்டியவை அவைதாம்.

இணையத்துக்கு வருவோம். எல்லாரும் கேட்பது வேகம். ஒரு ஜிகாபிட் போதுமா, பத்து ஜிகாபிட்டுக்குப் போகலாமா என்கிறார்கள். 2024இல் நாட்டின் ஃபைபர் கட்டமைப்பைப் பத்து ஜிகாபிட் அளவுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. நாட்டுக்கு அது நல்லது. வீட்டுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது வினாடிக்கு 15 மெகாபிட். நான்கு அறையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் 4கே படம் பார்த்தாலும் 60 மெகாபிட்தான் ஆகிறது. ஒரு ஜிகாபிட் என்பது 1000 மெகாபிட். இன்னொன்றும் உண்டு: கடையில் விற்கும் பல ஸ்மார்ட் டிவிகளின் பின்னால் இருக்கும் கம்பித் துளைக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்கும் திறனே கிடையாது. பெரிய காணொளிகளை நாள்தோறும் ஏற்றி இறக்கும் தொழில் செய்பவர்களுக்குப் பத்து ஜிகாபிட் பயன்படும். ஆனால் அதற்கேற்ற ரவுட்டர், கணினியில் அதற்கேற்ற துளை, கம்பி எல்லாம் வேண்டும். மற்றவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

அப்படியானால் வீட்டில் இணையம் ஏன் திணறுகிறது? செங்காங்கில் ஒரு நாலறை வீடு. மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்; அவள் அறையில் இணையவழி வகுப்பு நடுநடுவே உறைந்து நின்றுவிடுகிறது. அப்பா பத்து ஜிகாபிட்டுக்கு மாறும் முடிவோடு இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது ரவுட்டர் வாசலோரம் மின்பெட்டி இருக்கும் அலமாரிக்குள், கதவு சாத்தி, காலணிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அதற்கும் மகளின் அறைக்கும் நடுவே வீட்டுப் பதுங்கிடம். நாம் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அறை. இரும்புக் கம்பி நிறைந்த கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டையே தடுக்கக் கட்டிய சுவர் வைஃபை அலையை விட்டுவிடுமா? மடிக்கணினியைக் கம்பியால் ரவுட்டரில் பொருத்திப் பார்த்தேன், 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டியது. மகளின் அறையில் வைஃபையில் 20 மெகாபிட்டைத் தாண்டவில்லை. நிறுவனம் கொடுத்த வேகத்தில் குறையே இல்லை. புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்பதால் அந்த அறைச் சுவரிலேயே தரவுக் கம்பிக்கான துளை இருந்தது. அதன் மறுமுனை அதே அலமாரிக்குள் யாரும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ரவுட்டரில் செருகி, அறையில் சிறிய வைஃபை கருவி ஒன்றை வைத்ததோடு வேலை முடிந்தது. மாதக் கட்டணம் ஒரு காசுகூட ஏறவில்லை.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கட்டத் தயாராக இருப்பவர்கள், ரவுட்டரை வெளியே எடுத்துவைக்கப் பத்து வெள்ளிக்குக் கம்பி வாங்கத் தயங்குகிறார்கள். ஆகவே திட்டத்தை மாற்றுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்: கம்பி வழியாக அளந்து பாருங்கள், பிறகு தொந்தரவு தரும் அறையில் வைஃபையில் அளந்து பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருந்தால், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அதே கதைதான்.

தொலைக்காட்சி விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். நம் தமிழ்க் குடும்பங்களில் சந்தாத் தொலைக்காட்சியை அதிகம் நம்பியிருப்பவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டிக்கோ மாலையில் சன் டிவி, விஜய் டிவி தொடர்கள் வேண்டும்.

ஈசூனில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியின் பில்லைப் பார்த்தேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிகிறது. அவர் பில்லைப் பிரிப்பதே இல்லை. அதில் காற்பந்துத் தொகுப்பு ஒன்று இருந்தது. "பாட்டி, காற்பந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். "என் மகன் பார்ப்பான் தம்பி. அவன் கல்யாணமாகி பொங்கோலுக்குப் போய்விட்டானே" என்றார். மகன் போன பிறகும் அந்தத் தொகுப்புக்கு அவர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். படுக்கையறைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அணைத்தே கிடந்த இரண்டாவது சந்தாப் பெட்டிக்குத் தனி வாடகை வேறு. ஒப்பந்தம் எப்போதோ முடிந்து, சலுகை விலை போய், முழு விலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, இந்த வாரம் அம்மா வீட்டுக்குப் போகும்போது அந்த பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பார்ப்பவற்றில் எவ்வளவு இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். வசந்தம் 2008 அக்டோபர் முதல் தனி ஒளிவழியாக இயங்குகிறது. அதற்குச் சந்தா வேண்டாம். அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரியில் நின்றுவிட்டதால் மின்னிலக்க அலையைப் பெறும் தொலைக்காட்சியும் ஒரு சிறிய ஆண்டெனாவும் இருந்தால் போதும். இணையம் இருந்தால் மீவாட்ச் செயலியிலும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனங்களின் செயலிகளுக்கு நேரடியாகச் சந்தா கட்டுவது பல வீடுகளில் மலிவாக முடியும். இளையவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். முதியவர் இருக்கும் வீட்டுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கடவுச்சொல் கேட்கும், புதுப்பிக்கச் சொல்லும், திடீரென்று வெளியே தள்ளிவிடும் செயலியோடு எண்பது வயதில் போராட முடியாது. எண்ணை அழுத்தினால் படம் வரும் ரிமோட்டுக்குக் கூடுதலாகச் சில வெள்ளி கொடுப்பதில் தப்பே இல்லை. அது அவருடைய மாலைப்பொழுது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

காற்பந்து ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளிபரப்பு உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும். இங்கிலீஷ் பிரிமியர் லீக் 2010இல் ஸ்டார்ஹப்பிலிருந்து சிங்டெல்லுக்குப் போனபோது பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் குடியேறின. தனி உரிமையோடு வாங்கிய நிகழ்ச்சியை மற்ற நிறுவனத்தின் பெட்டியிலும் காட்ட வேண்டும் என்ற விதியை அரசாங்கம் கொண்டுவந்தது அந்தச் சமயத்தில்தான். 2022இல் உரிமை மீண்டும் ஸ்டார்ஹப்புக்கு வந்தது. ஆகவே ஒரு போட்டித் தொடருக்காக வீட்டு இணையத்தையும் சேர்த்து நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிவிடாதீர்கள். அந்த உரிமை எந்த ஆண்டுவரை என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரு முறை காசு கொடுத்தால் உலகத்துச் சானல்கள் எல்லாம் வரும் என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் வேண்டவே வேண்டாம். திருட்டுத்தனமாக ஒளிபரப்பைக் காட்டும் பெட்டிகளை விற்பது 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இங்கே குற்றம். வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. ஒரு நாள் படம் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? அப்படிப்பட்ட பெட்டியில் என்னென்ன மென்பொருள் ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இனி ஒப்பந்தம். ஒப்பந்தம் முடியும் தேதி, முன்கூட்டி விலகினால் எவ்வளவு, சலுகைக் காலம் முடிந்தபின் மாதக் கட்டணம் எவ்வளவு, இணைப்புக் கட்டணம் தனியா என்பவற்றை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லப்படும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம் ஜூனில் முடிந்து இணைய ஒப்பந்தம் நவம்பரில் முடிந்தால், எந்தப் பக்கமும் அசைய முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். சேர்த்து வாங்குவதாக இருந்தால் இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று கேளுங்கள். முதல் சில மாதம் இலவசம் என்று ஒட்டித் தரும் தொகுப்பு இருந்தால், இலவசம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தகராறு வந்தால் தனியாகப் போராட வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் டிஜிட்டல்அக்செஸ்@ஹோம் என்ற திட்டத்தில் இணையக் கட்டணத்துக்கு மானியம் தருகிறது. மடிக்கணினியோ டேப்லெட்டோ வாங்கவும் உதவி உண்டு. தகுதி இருந்தும் கேட்டுப் பெறாத நம்மவர்கள் இருக்கிறார்கள். அண்டை வீட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, நிறுவனம் மாறுபவர்களுக்கு. சுவரில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். பழைய இணைப்பு ஓடும்போதே புதியதை இன்னொரு துளையில் போட்டுக்கொள்ளலாம். நடுவில் இணையமில்லாமல் தவிக்க வேண்டாம். புதியது சில நாள் ஒழுங்காக ஓடட்டும், அதன்பிறகு பழையதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லாவிட்டால் பழைய பில் தானாக நிற்காது. பழைய நிறுவனம் வாடகைக்குக் கொடுத்த சந்தாப் பெட்டி, ரிமோட், மின்கம்பி அனைத்தையும் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். வரிசை எண் தெரியும்படி பெட்டியைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பில் வந்து, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வரும்வரை அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.