24 அங்குலத்தின் பக்கம் நின்று

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் வைத்த கையோடு தாராவி 90 அடிச் சாலைப் பந்தலுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணினி விளையாட்டுக்கு ஏற்றது 27 அங்குல, 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டரா, 24 அங்குல, 144 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டரா என்பது தலைப்பு. நான், நொடிக்கு 144 முறை படம் மாறும் 24 அங்குலத்தின் பக்கம்; எதிரணியின் 4கே திரையில் படம் நொடிக்கு 60 முறைதான் மாறும், ஆனால் படத்தை உண்டாக்கும் புள்ளிகள் எங்கள் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "சினிமா நொடிக்கு 24 படத்தில் ஓடுகிறது, அதைப் பார்த்து விசிலடித்த கண்ணுக்கு 144 எதற்கு?" என்று கேட்டார். பந்தலே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

சினிமா கேமரா ஒவ்வொரு படத்தைப் பிடிக்கும்போதும் அசைவின் மங்கலையும் சேர்த்தே பதிவு செய்கிறது; அந்த மங்கல்தான் ஒரு படத்தை அடுத்த படத்தோடு இணைத்து நம் கண்ணுக்கு ஓட்டமாகக் காட்டுகிறது. ஃபிலிம் சுருள் ஓடிய காலத்திலும், வெளிச்சம் மினுக்கி உறுத்தக் கூடாது என்பதற்காக ஒரே படத்தை இரண்டு முறையோ மூன்று முறையோ திரையில் வீசினார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, தியேட்டரில் கதாநாயகன் திரும்புவது நம் கையில் இல்லை. விளையாட்டில் நம் மணிக்கட்டு அசைந்தவுடன் திரை அசைந்தாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அடுத்த படம் வர 16.7 மில்லிநொடி ஆகிறது, 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9 மில்லிநொடி. அம்மையார் கண்ணைப் பற்றிக் கேட்டார். தாமதத்தை முதலில் அறிவது கை.

கண்ணுக்கும் தெரியும் என்பதற்கு என் அக்கா மகனே சாட்சி. போன தீபாவளிக்கு லேமிங்டன் ரோட்டுக் கடை ஒன்றில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினான். இரண்டு வாரம் கழித்து, "மாமா, ஏமாந்துட்டேன், பழைய திரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். போய் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், 60 என்று இருக்கிறது! விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவனும் பார்க்கவில்லை. 144 கொடுக்கக் கூடிய திரை, இரண்டு வாரமாக 60-லேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் உடனே மாற்றவில்லை. மவுஸைப் பிடித்து வேகமாக வட்டம் போடச் சொன்னேன். அம்புக்குறி விட்டு விட்டு, வாசலில் வைத்த கோலப் புள்ளிகளைப் போலத் தெரிந்தது. பிறகு 144-க்கு மாற்றி, மறுபடியும் சுற்றச் சொன்னேன். புள்ளிகள் நெருங்கி, ஏறக்குறைய கோடாகிவிட்டன. பையன் வாயே திறக்கவில்லை. "திரும்ப 60 வைங்க" என்றான், வைத்தேன், சுற்றினான். "144 வைங்க" என்றான், வைத்தேன்; சுற்றினான். இப்படி நான்கு முறை நடந்தது. ஐந்தாவது முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா, இனிமே 60 பக்கம் போகாதீங்க" என்றான். அதே பையன், அதே கண், அதே திரை. மாறியது ஓர் எண் மட்டுமே. கைதட்டிய உங்களுக்கு என் பதில் அந்தப் பையன்தான்.

4கே திரையில் எழுத்தும் காட்சியும் கூர்மை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன்; 27 அங்குலத்தில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள், எங்கள் திரையில் 92 மட்டுமே. ஆனால் அந்தக் கூர்மைக்குக் கூலி உண்டு. 60 ஹெர்ட்ஸில் 4கே திரையை நிரப்பக் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு ஏறத்தாழ 49.8 கோடிப் புள்ளிகளை வரைய வேண்டும். எங்கள் திரையை 144 ஹெர்ட்ஸில் நிரப்ப 29.9 கோடி போதும். இட்லி விற்ற காசில் வாங்கிய கார்டுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஆம், இட்லி விற்ற காசுதான். என் அக்கா இங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, பத்துக்குப் பன்னிரண்டு அறையில், தினமும் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார்; இருபது வருடமாகப் பாத்திரத்தைத் தலையில் வைத்து நடந்தே விற்கிறார். ஒரு நாள் அவர் எழுந்த நேரத்தில் மகன் விழித்திருந்து கார்ப் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தான். அவருக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்ததாம். அதற்குள் அவன், "நீயும் ஓட்டும்மா" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். வளைவு வந்தபோது கையோடு சேர்ந்து தோளும் தலையும் இடப்பக்கம் சாய்ந்தனவாம். "டேய், நான் நினைக்கிறதுக்குள்ள வண்டி திரும்பிடுதுடா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்ததாம்.

நடுவர் அவர்களே, அக்கா இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு இட்லி அரை மணி நேரம் தாமதமாகத் தெருவுக்குப் போனது, அது மட்டும் தெரியும்.